லேட் ரிஜிஸ்டரில் ஒரு சொல்

எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் கோச்சடையிலிருந்து நடந்தே வருவார். இடது கால் சூம்பியிருக்கும். நெற்றி விபூதி வேர்வையில் கரைந்திருக்கும். லேட் ரிஜிஸ்டரில் தாமதத்துக்குக் காரணமாக ஒருநாள் ‘ஸ்ட்ரோல்’ என்று எழுதுவார், மறுநாள் ‘சான்டர்’, பிறகு ‘ஆம்பிள்’. எல்லாமே ஆற அமர நடப்பதற்கான இங்கிலீஷ் சொற்கள். மானேஜர் டிக்ஷனரியைப் புரட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

“மெதுவா நடக்குறதுக்கு எதுக்குண்ணே இம்புட்டு வார்த்தை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இங்கிலீஷ்ல அம்புட்டு இருக்கு மாப்ள. நம்மாளுக எனக்கு ஒன்னுதான் வச்சிருக்காய்ங்க,” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று, வாட்ச்மேன் சொல்லி அனுப்பியபடியே, உட்கார்ந்திருந்த அவரிடமே போய், “நொண்டி டைப்பிஸ்ட் யாருண்ணே?” என்று கேட்டவன் நான்.

“நான்தான், வாங்க,” என்று எழுந்து நின்று கை கொடுத்தார்.