பதினாலு லிட்டர் கோடு

ரீனா, ஜோ, இரண்டு பேரும் கொஞ்சம் கேளுங்கள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்க உங்களுக்கு நேரமாகும் என்று தெரியும். எழுத எனக்கும் நேரமாகிறது. ஆக, சரிக்குச் சரி. நான் படித்தது கன்னட மீடியம், அதுவும் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும். தமிழ் எழுத்தைப் பேப்பரிலும் சினிமா போஸ்டரிலும் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டேன். எங்கேயாவது பிழை இருந்தால் மனசுக்குள்ளேயே திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவிடம் காட்டிச் சிரிக்க வேண்டாம்.

போன வாரம் ரீனா கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு வீட்டில் தினமும் பன்னிரண்டு குடம் தண்ணீர் செலவாகிறது. ஒரு குடம் பதினைந்து லிட்டர். ஒரு வாரத்துக்கு எத்தனை லிட்டர்? பெருக்கிப் பார்த்தோம், ஆயிரத்து இருநூற்று அறுபது. விடை சரிதான். ஆனால் அவள் நோட்டை மூடவில்லை.

"அப்பா, எல்லா வாட்டர் பாட்டும் ஃபிஃப்டீன் லிட்டர்தான்னு இவங்களுக்கு யார் சொன்னாங்க? ஒருத்தங்க வீட்டு பாட் பெருசா இருந்தா?"

"கணக்குல குடுத்தா அப்படியே எடுத்துக்கணும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பரீட்சைக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. மறுநாள் பிரஸ்ஸில் பேப்பர் கட்டிங் மெஷின் முன்னால் நிற்கும்போது அந்த ஆயிரத்து இருநூற்று அறுபது திரும்பத் திரும்ப வந்தது. அந்த மெஷினில் கை வைத்துக்கொண்டு வேறு எதையும் நினைக்கக் கூடாது. ஆனாலும் நினைத்தேன். இந்த எண்ணை நான் முன்பே ஒரு தடவை பெருக்கியிருக்கிறேன், நோட்டில் இல்லை, ஒரு தெருக்குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

நம் பில்டிங் தொட்டியில் டேங்கர் தண்ணீர் விழும்போது ஒரு க்ளோரின் வாசனை எழும்புமே, ஜோ மூக்கைப் பொத்திக்கொள்வானே, அதே வாசனைதான் நான் வளர்ந்த சந்துக்கு. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பதினெட்டு வீட்டுக்கு ஒரே குழாய். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஆறு மணிக்கு வரும். ஆறுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வெறும் காற்று, ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுக்கும். அப்புறம் கொஞ்சம் துரு கலந்த தண்ணீர். அப்புறம்தான் வெள்ளையாக, க்ளோரின் வாசனையோடு நிஜத் தண்ணீர். ஏழரைக்கு நின்றுவிடும்.

வீட்டுக்கு ஐந்து குடம் என்று சந்தில் எல்லோரும் சேர்ந்து வைத்த சட்டம். ஒரு குடம் நிறைய ஒரு நிமிஷம். பதினெட்டு வீட்டுக்குத் தொண்ணூறு குடம், தொண்ணூறு நிமிஷம். இதை யார் கணக்குப் போட்டு வைத்தார்களோ தெரியாது, அப்படிப் பொருந்தியிருந்தது. ஒரு வீட்டில் கொஞ்சம் பிசகினாலும் கடைசி வீட்டுக்குத்தான் அடி. அந்தக் கடைசி வீடு ஃபிலோ ஆன்ட்டியுடையது. முழுப்பெயர் ஃபிலோமினா. அவர் கோபப்பட்டால் கழுத்திலிருக்கும் ஜெபமாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். அதைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு திட்டுகிறாரா, கழுத்தில் இருந்தால் பாவம் என்று எடுத்துவிடுகிறாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

குடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தில் எல்லோரும் சைக்கிளில் குடம் விற்க வருபவரிடம் வாங்கிய ஒரே மாதிரி சிவப்பு பிளாஸ்டிக் குடம் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் பச்சை. அப்பா சிட்டி மார்க்கெட்டிலிருந்து ஐந்தையும் ஒரே கயிற்றில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு கிரில் கேட் செய்யும் ஒர்க்‌ஷாப்பில் வேலை. இரும்புத்தூளும் ரெட் ஆக்சைடு பெயின்ட்டும் பூசிக்கொண்டு வருவார். அவர் குளிக்கவே ஒன்றரைக் குடம் வேண்டும்.

எனக்குப் பதினோரு வயது. ஒரு நாள் காலை ஏழரைக்குத் தண்ணீர் நின்றது. ஃபிலோ ஆன்ட்டியின் ஐந்தாவது குடத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் இருந்தது. இது முதல் தடவை இல்லை. ஆன்ட்டி நேராக அம்மாவிடம் வந்தார். நான் அம்மா என்று எழுதுவதெல்லாம் என் அம்மாவை.

"உன் கொடம் பெருசுடி. பாத்தாலே தெரியுது."

"பச்சை கலரு அப்படித்தான் பெருசாத் தெரியும் ஃபிலோ. உன்னுது மாதிரிதான் இதுவும்."

"கலரு பாத்துப் பெருசாத் தெரியறதுக்கு இன்னா, பட்டுச் சேலையா அது?"

நாலு பேர் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "நான் திருடிங்கறியா?" என்றாள். ஜெபமாலை கழுத்திலிருந்து கைக்கு வந்தது.

எங்கள் சந்துமுனையில் நாலு மாடு வைத்திருந்த நஞ்சப்பா பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கன்னடத்தில், "சும்னே ஜகளா யாக்கே? அளதே பிடோண" என்றார். சும்மா எதற்குச் சண்டை, அளந்தே பார்த்துவிடலாம் என்று அர்த்தம்.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் லிட்டர், மில்லி லிட்டர் பாடம் முடிந்திருந்தது. விடுவேனா? "நான் அளக்கறேன், நான் அளக்கறேன்" என்று முன்னால் போய் நின்றேன்.

"நீ உள்ள போய்ப் பாடம் படி" என்றாள் அம்மா.

"இதாம்மா பாடம்."

மறுபடியும் சிரிப்பு. நஞ்சப்பா தன்னுடைய ஒரு லிட்டர் பால் அளவையும் அரை லிட்டர் அளவையும் என் கையில் கொடுத்துவிட்டார். அவர் குடத்தைச் சாய்க்க, நான் அளவில் பிடித்து ஓர் அண்டாவில் கொட்டினேன். சந்தே சேர்ந்து எண்ணியது. ஃபிலோ ஆன்ட்டியின் நிறைந்த குடம் பதினாலு லிட்டர். அவருடைய கடைசிக் குடத்தின் அடியில் இருந்தது ஒன்றரை லிட்டர். அம்மாவின் குடத்துக்கு வரும்போது பதினாலோடு எண்ணிக்கை நிற்கவில்லை. பதினைந்து, பதினாறு. அப்புறம் ஓர் அரை.

பிள்ளைகளே, அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். பதினாறரை என்பது எல்லோருக்கும் கேட்டாகிவிட்டது. ஆனால் கணக்கு பாதியில் நிற்கிறதே! வகுப்பில் கையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு சொன்னேன்: "தொண்ணூறு கொடம், பதினாலு லிட்டர், மொத்தம் ஆயிரத்து எரநூத்து அறுவது. எங்க கொடத்துல ரெண்டரை ஜாஸ்தி. அஞ்சு கொடத்துக்குப் பன்னெண்டரை. ஆன்ட்டி கொடத்துல ஒன்றரைதான் இருந்துச்சி. பன்னெண்டரையும் ஒன்றரையும் பதினாலு! கரெக்டா டேலி ஆயிடுச்சி!"

யாரும் கைதட்டவில்லை. ஃபிலோ ஆன்ட்டி ஜெபமாலையைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அவருக்காகப் பேச நான் ஒருவனே போதுமாக இருந்தேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. தன்னுடைய குடம் ஒன்றைத் தூக்கி ஃபிலோ ஆன்ட்டியின் வெறும் குடத்தில் விளிம்பு வரை ஊற்றினாள். "அடுத்த முறையிலேர்ந்து என் கொடத்துலயும் பதினாலுதான். கோடு போட்டுக் கொண்டாறேன். சந்தேகம் இருந்தா யாரு வேணா, எப்ப வேணா அளந்து பாத்துக்கோங்க" என்றாள். அவ்வளவுதான். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, குடங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கார்மென்ட்ஸ் வேலைக்கு நேரமாகிவிட்டது.

அன்று சாயந்திரம் அவள் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "உனக்குத் தெரியாதுதானம்மா?" என்று கேட்டேன். தெரியாது என்று அவள் சொல்ல வேண்டும், எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"தூக்கறவ நானு. இடுப்புக்குத் தெரியாதா?" என்றாள். "உங்கப்பா வாங்கியாந்த அன்னிக்கே தெரியும். தண்ணிதானே, யாருக்குக் கொறையப் போவுதுன்னு இருந்துட்டேன்." கஞ்சியை முழுக்க வடித்துப் பானையை நிமிர்த்தினாள். அப்புறம், "கணக்கு போட்டவன் நீதானே. கோடும் நீயே போடு" என்றாள்.

நஞ்சப்பாவிடம் அளவை மறுபடி வாங்கிவந்தேன். அப்பா டப்பாவில் கொஞ்சம் ரெட் ஆக்சைடு கொடுத்தார். பின்பக்கம் டிரம்மிலிருந்து மொண்டு ஒரு பச்சைக் குடத்தில் ஊற்றினேன். பள்ளிக்கூடப் பழக்கத்தில் வாய் தானாகக் கன்னடத்தில் எண்ணும். ஒந்து, எரடு, மூரு, நால்கு. ஏளு என்று எண்ணி முடித்தபோது உள்ளேயிருந்து அம்மா, "எவ்ளோடா ஆச்சு?" என்று கேட்டாள். "ஏழு" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினேன். அப்புறம் எட்டு, ஒம்பது, பத்து என்று தமிழிலேயே போய்ப் பதினாலில் நிறுத்தினேன். வெளியிலிருந்தே தண்ணீர் மட்டம் தெரிகிற மெல்லிய பிளாஸ்டிக், அது நின்ற இடத்தில் சிவப்புக் கோடு. அடியிலிருந்து கோடு வரை நூல் பிடித்து, அந்த நூலை வைத்தே மற்ற நாலு குடத்திலும் கோடு.

அதற்கப்புறம் அம்மா குழாயில் நின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குனிந்து கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துக்கொள்வாள். தண்ணீர் கோட்டைத் தொட்டதும் கை குழாயை மூடிவிடும். ஒரு துளி ஏறிவிட்டால் பின்னால் நிற்பவர் குடத்தில் சாய்த்துவிடுவாள். நஞ்சப்பா, "நம்ம பால் அளவைவிட இந்த அம்மா கறார்" என்று தமிழில் சொல்லிச் சிரிப்பார். யார் வேண்டுமானாலும் அளக்கலாம் என்றாளே தவிர, ஒருவரும் அளக்க வரவில்லை. ஃபிலோ ஆன்ட்டியின் கடைசிக் குடம் இப்போது பாதிக்கு மேல் நிறைந்தது. மீதி ஏன் நிறையவில்லை என்று யாரும் கேட்கவில்லை. "இன்னிக்கி ஃபோர்ஸ் கம்மி" என்று பேசிக்கொண்டார்கள்.

மூன்று வாரம் போயிருக்கும். ஃபிலோ ஆன்ட்டியின் மகளுக்குப் பிரசவம். ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அவர் வந்து சேரும்போது தண்ணீர் நின்று இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அதற்கு முன்பே, வேலைக்குக் கிளம்பும்போது, அம்மா ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வாசலில் இறக்கினாள். "அவ வாயத் தொறந்து கேக்க மாட்டா. கூட நின்னு ஊத்திக் குடுத்துட்டு, கொடத்த எடுத்துட்டு வா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆன்ட்டி பச்சைக் குடத்தைச் சாய்த்தார். நான் அவருடைய சிவப்புக் குடத்தைப் பிடித்துக்கொண்டேன். பதினாலு லிட்டர் குடத்தில் பதினாலு லிட்டர் தண்ணீர். விளிம்போடு நிற்க வேண்டும். நிற்கவில்லை. என் கால்மேல் வழிந்தது.

"இருடா, இருடா, இன்னும் இருக்குது இதுல" என்று ஆன்ட்டி அவசரமாக ஒரு சொம்பை எடுத்து மீதியைப் பிடித்தார். சொம்பும் நிறைந்தது. அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "கோட்டுக்கு மேல ரொப்பி அனுப்பிச்சிருக்காடா உங்கம்மா" என்றார். "நான் அவ்ளோ பேசியும் மேல ரொப்பி அனுப்பிச்சிருக்கா பாரு."

நான் பார்த்திருந்தேன். தண்ணீர் கோட்டோடுதான் நின்றிருந்தது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே பிடிபட்டுவிட்டது. ஏளு ஒரு லிட்டர். அம்மாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஊற்றினேனே, அந்த ஏழு இன்னொரு லிட்டர். கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. நான் பதினாலு என்று நிறுத்தியது பதினைந்து. ஐந்து குடத்துக்கு ஐந்து லிட்டர். ஃபோர்ஸ் கம்மியே இல்லை. அம்மா சந்து முழுவதையும் கூப்பிட்டு அளந்துகொள்ளச் சொன்னது என்னுடைய தப்புக் கோட்டை நம்பி.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் மறுபடியும் குழாயடியில் எல்லோர் முன்னாலும் நின்று, இன்னும் தப்பு இருக்கிறது என்று சொல்வாள். அவள் சொல்லக்கூடியவள்தான். அது எனக்குத் தெரிந்ததால்தான் சொல்லவில்லை. அதற்குள் ஆன்ட்டி வீடு வீடாகப் போய் அந்தச் சொம்புத் தண்ணீர் கதையைச் சொல்லிவிட்டிருந்தார். அடுத்த வாரம் அவருடைய ஐந்தாவது குடம் கழுத்து வரை நிறைந்தது. "ஃபோர்ஸ் நல்லா வருது" என்றார்கள்.

இப்போது அந்தக் குழாய் இருந்த இடத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. வீட்டுக்கு வீடு தொட்டி, மோட்டார், மீட்டர். குடிக்க இருபது லிட்டர் கேன். அதன் மேலேயே அளவு அச்சடித்து வருகிறது, யாரும் அளந்து சண்டை போட வேண்டியதில்லை. யார் கடைசி வீடு என்றும் தெரிவதில்லை. நஞ்சப்பாவின் மாட்டுக்கொட்டகை நாலு மாடி பி.ஜி. ஹாஸ்டல் ஆகிவிட்டது. ஃபிலோ ஆன்ட்டி மகளோடு ஓசூர் பக்கம் போனார் என்றார்கள். அம்மாவை இரண்டு வருஷம் முன்பு அடக்கம் செய்தபோது நீங்களும்தான் வந்து மண் போட்டீர்கள். கடைசிவரை இதை அவளிடம் நான் சொல்லவில்லை. முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஆன்ட்டி வீட்டில் தண்ணீர் வழிந்ததற்கு அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடம் பாதி நாள். அம்மா கார்மென்ட்ஸில், அப்பா ஒர்க்‌ஷாப்பில். வீட்டில் யாரும் இல்லை. பழைய பிளேடால் ஐந்து குடத்திலிருந்தும் சிவப்பைச் சுரண்டினேன். பால் அளவை வாங்கிவந்து, வாய்விட்டு, தமிழிலேயே எண்ணி, பதினாலு ஊற்றினேன். கோடு ஒரு விரற்கடை இறங்கியது. நூல் பிடித்து மற்ற நாலிலும் போட்டேன். தரையில் கிடந்த சிவப்புத் துகளை ஈரத்துணியால் துடைத்து எடுத்தேன். பெயின்ட் ஈரமாகவே இருந்தது. அம்மா வருவதற்குள் காய வேண்டுமே என்று ஐந்து குடத்தையும் சுற்றி வைத்துக்கொண்டு, நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டிருந்தேன்.