ரெஃப்ரி பார்த்த இறுதியாட்டம்

என் வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருஷம் கால்பந்து ரெஃப்ரி. வாரமெல்லாம் அச்சகத்தில் மெஷின் ஓட்டுவார். ஞாயிறானால் விசிலோடு கிளம்பிவிடுவார். கல்யாணத்தன்று சாயங்காலம்கூட ஆட்டத்துக்குப் போன மனிதர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்படி ஓடிய உடம்பில் சர்க்கரை, சிறுநீரகம், இருதயம் மூன்றும் சொல்லிவைத்தாற்போல் மோசமாகின. இனிக் குணமாகாது என்று தெரிந்துவிட்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அச்சகத் தொழிலாளர் அணி முதல்முறையாக இறுதியாட்டத்துக்கு வந்திருக்கிறது, அதைக் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். எங்கே திறப்பது? மூன்று டாக்டர், பத்தொன்பது மாத்திரை. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. மனிதர் பாதி நாள் மயங்கியே கிடந்தார்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ், மாத்திரைகளை மேசையில் கொட்டினாள். "அக்கா, இதுல பாதி பத்து வருஷம் கழிச்சு வரப்போற நோயைத் தடுக்கறதுக்கு! இவருக்கு இப்ப எதுக்கு?" நின்ற இடத்திலேயே மூன்று டாக்டர்களையும் ஒரே போனில் பிடித்துவிட்டாள். அம்மாடி, என்ன வாதம்! கடைசியில் மூச்சுக்கும் வலிக்கும் வீக்கத்துக்குமாக ஆறு மாத்திரைதான் மிஞ்சியது. "இருக்கற நாள் தெளிவா இருக்கட்டும்" என்றார் இருதய டாக்டர்.

நாலே நாளில் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, காபி ஆறிப்போச்சு என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆட்டத்தன்று சக்கர நாற்காலி, ஆக்ஸிஜன் சிலிண்டர், நர்ஸ் சகிதமாகக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் இடம்பிடித்தோம். இரண்டு அணிக்கும் ஒவ்வொரு கோல். கடைசி நிமிடத்தில் எங்கள் ஆள் எதிரணிக்காரனின் காலைத் தட்டிவிட, ஊதினார்கள் விசில். பெனால்டி! எங்கள் கூட்டம் கொதித்துப்போய் இவரிடம் ஓடிவந்தது.

"அண்ணே, நீங்க சொல்லுங்க! அது பெனால்டியா?"

நான் அவர் கையைக் கிள்ளினேன். "பேசாம இருங்க!"

மூச்சை இழுத்துப் பிடித்துச் சொன்னார்: "சுத்தமான பெனால்டி."

கோல் விழுந்தது. தோற்றோம். "வீட்டுல கிடக்காம இங்க எதுக்குய்யா வந்தே, கிழவா!" என்று ஆளாளுக்கு வசைபாடினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, செருப்பைக் கழற்றிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"விடுடி. ரெண்டு வருஷமா எல்லாரும் பாவம் பாவம்னே பேசினாங்க. இன்னைக்குத்தான் என்னை ஒரு ஆளா மதிச்சுத் திட்டுறாங்க!"

ஆட்டம் முடிந்த பன்னிரண்டாம் நாள் காலை, வீட்டில், வலியில்லாமல் போனார். துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தரையும் "பாவம்" என்று சொல்ல நான் விடவில்லை.