வெண்கலத்தின் வயிறு

காய்கறிச் சந்தையில் என் தம்பிக்கு வெண்கலம் என்று பெயர். அவன் ஏலம் கூறினால் தெருக்கோடியில் நிற்கும் லாரிக்காரனும் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டைதான் அவனுக்குச் சோறு போட்டது.

ஒருநாள் ஏல மேடைப் பலகை அவன் எடை தாங்காமல் படாரென்று முறிந்தது. சந்தையே சிரித்தது. என் வெங்காயக் கடையில் இருந்தபடி நானும்தான் சிரித்தேன், மறைப்பானேன்? மறுமாதமே என் அருமைத் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போய் இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு வந்தார். அக்கா என்று ஒருத்தி இருக்கிறாளே, ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவில்லை.

உடம்பு இளைத்தது, சும்மா சொல்லக் கூடாது. கண்ணாடி முன் நின்று இடுப்பைத் தடவித் தடவிப் பூரித்துப்போனான். ஆனால் குனிந்தால் புளித்த தண்ணீர் வாய்க்கு வந்தது. படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே தூங்கினான். பிறகு குரல் கரகரத்தது. கடைசியில் தக்காளிக்கு அவன் சொன்ன விலை முன்வரிசைக்கே கேட்கவில்லை.

"குரல் வந்தா மேடை ஏறு. இல்லைன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்றுவிட்டார் மண்டி முதலாளி.

காதைப் பிடித்து இழுக்காத குறையாக அவனை ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கூட்டிப்போனேன். அவர் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"வயிறு இப்போ பை இல்லம்மா, ஒடுங்கின குழாய். உள்ள அழுத்தம் ஜாஸ்தி. மேல வால்வும் தளர்ந்துபோச்சு. அமிலம் உணவுக்குழாய்ல ஏறித் தொண்டை வரைக்கும் புண்ணாக்கிடுச்சு. முன்னாடியே நெஞ்செரிச்சல் இருக்குன்னு சொல்லியிருந்தா வேற மாதிரி ஆபரேஷன் செஞ்சிருப்போம். இவர்தான் இல்லவே இல்லைன்னாரே!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷக்கணக்காக மேடைக்கு அடியில் நெஞ்செரிச்சல் மருந்து பாட்டிலை ஒளித்துவைத்து மடக் மடக்கென்று குடித்தவன்! உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் கிடையாது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

"அடப்பாவி! அழுகின தக்காளி மேல நல்லதை அடுக்கிக் காட்டுற புத்தியை டாக்டர்கிட்டயுமா காட்டுவே?"

தலையைக் குனிந்துகொண்டான். குனிந்ததும் இருமினான்.

"சாப்பாடு போற பாதையை மாத்தி இன்னொரு ஆபரேஷன் பண்ணலாம்" என்றார் டாக்டர். "எரிச்சல் குறையும். பழைய குரல் வருமான்னு இப்போ சொல்ல முடியாது. இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்லுங்க. மாத்திரை போட்டா எரிச்சல் நிக்குதா?"

இன்னொரு ஆபரேஷன் என்றதும் ஐயாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி, நிற்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. ஊரையே திரும்பிப் பார்க்கவைத்த தொண்டையில் ஒரு பொய் சொல்லக்கூடக் குரல் இல்லை.

"நிக்கலை டாக்டர், எரியுது" என்று அவனுக்காக நான்தான் சத்தமாகச் சொன்னேன்.