கல்லறைத் தோட்டத்துப் புல்

எம்ரிஸ் பிராத்தரோ என் புல்வெளிக்குப் பதினாறு வருடம் காவல் இருந்தான். கான்சஸில் அவனைவிட நல்ல காவல்காரன் கிடையாது. அவனைத் தேர்ந்தெடுத்தது நான். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஒற்றைச் சேணத்தோடு வந்து, இந்தக் குன்றுகளில் ஆறு மைல் வேலி போட்டவனுக்கு ஆள் பார்க்கத் தெரியும். அப்படியும் 1934-இல் அவனைத் திருடன் என்றேன்.

தெற்குச் சரிவில், குளிர்காலத் தீவனத்துக்காக மாடு விடாமல் வளர்க்கும் புல். ஜூலையில் குதிரை மேல் இருப்பவன் முழங்காலைத் தொடும். வான்கோழிக் கால் மாதிரி மூன்றாகப் பிரிந்து கதிர் விடும். அந்த வருடம் தரையில் நிற்பவன் கணுக்காலைத் தாண்டவில்லை. யாரோ மேய்த்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். பக்கத்து நிலத்து ஹோல்கமின் மாடுகள் மட்டும் எப்படி மெலியாமல் நிற்கின்றன? அவன் மனைவி எம்ரிஸ் வீட்டுக்கு எதற்குக் கேக் கொடுத்தனுப்புகிறாள்? வேலிக் கதவில் கறுப்பு நூல் கட்டிவைத்தேன். நூல் அறவில்லை. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டியிருப்பான் என்று நினைத்தேன்.

சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னேன். வீடு என்னுடையது. அந்த வருடம் வேறு வேலை எங்கும் கிடையாது; அவனுக்கு நான்கு பிள்ளைகள். அவன் கெஞ்சவில்லை. வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டே, கல்லறைத் தோட்டத்துச் சாவி யாரிடம் என்று கேட்டான். சர்ச் பொறுப்பு என்னுடையது. சாவி என் பையில்தான் இருந்தது.

போனோம். இரும்புக் கம்பி வேலி, பூட்டிய கதவு, மாடே கால் வைக்காத இடம். உள்ளே அதே கணுக்கால் உயரப் புல். கதிர் இல்லை. புல் குத்துகளுக்கு நடுவே, மழை குறைந்த மேற்குச் சமவெளிகளில் முளைக்கும் குட்டைச் சுருட்டைப் புல் படர்ந்திருந்தது.

"இங்க யாரு மேய்ச்சா, முதலாளி? செத்தவங்களா?"

குனிந்து பார்த்தேன். நுனிகள் கூராக இருந்தன. பல் பட்டது ஒன்றுகூட இல்லை. சரிவிலும் இப்படித்தானா என்றேன்.

"குதிரைய விட்டு எறங்கியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

"அப்ப புல்லு செத்துப்போச்சா?"

"சாகல. மே மாச மழை இல்ல, மேல வரல. வேரு உங்க ஒசரத்துக்குக் கீழ போயிருக்கு. மழை வந்தா எந்திரிக்கும்."

அதை நான் நம்பவில்லை. ஏழு வருடம் கழித்து மழை பெய்து, புல் சேணத்தைத் தொட்டபோதுதான் நம்பினேன். ஆனால் அவன் திருடவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. திரும்பி வந்ததும், வண்டியில் இருந்த இரும்பு அடுப்பை நானே இறக்கி, ஒற்றை ஆளாக வீட்டுக்குள் தூக்கிப்போய் வைத்தேன்.

எம்ரிஸ் வாசலில் நின்று பார்த்தான்.

"புகைக்கொழா சுவத்துப் பக்கம் வரணும், முதலாளி," என்றான்.

திருப்பி வைத்தேன்.