நீல ஒயர்க் கொடி

எங்கள் வீட்டின் பின்புறம் துணி காயப்போடும் கொடி ஒரு நீல நிற நெட்வொர்க் ஒயர். இந்த உப்புக்காற்றில் கயிறு ஆறு மாதத்தில் இற்றுப்போகிறது. கம்பி துருவேறித் துணியில் கறை படிகிறது. இதற்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. என் மகனின் சட்டைகளை இதில் விரிக்கும்போதெல்லாம் என் கணவரின் மூத்த சகோதரியை நினைத்துக்கொள்கிறேன். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இதன் இரு முனைகளையும் துப்பட்டா நுனியால் துடைத்து, வாயால் ஊதி ஊதிச் செருகியவர் அவர்தான்.

வானூரில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரே பையோடு அவர் திரும்பி வந்தபோது என் மகனுக்கு ஒன்றரை வயது. அவர் கையிலிருந்த காயங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் மாமியார் நிபந்தனை ஒன்று மட்டும் வைத்தார். "சொந்தமா சம்பாரிச்சா இங்கயே இரு. இல்லன்னா ஒன் புருஷன் வந்து கூப்பிடறப்ப மொரண்டு பண்ணாம கெளம்பு."  அக்கா முன்னறையில் மூடிக்கிடந்த தன் பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து எடுத்தார். வீட்டிலிருந்தே பில்களைச் சரிபார்க்கும் வேலை ஒன்று அவருக்கு அமைந்தது. ஆனால் கம்பெனிக்காரர்கள் திங்கட்கிழமை காலை அங்கிருந்தபடியே அவருடைய கம்ப்யூட்டரைச் சோதிப்பார்கள்; அதில் புதிய விண்டோஸ் இருந்தாக வேண்டும். மதர்போர்டின் ஃபர்ம்வேரை, அதாவது கம்ப்யூட்டர் விழித்தவுடன் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பிக்காமல் அந்த விண்டோஸ் ஏறாது.

அதற்கான ஃபைலை இறக்க அவருடைய கம்ப்யூட்டரில் இன்டர்நெட் இல்லை. பென் டிரைவ் செருகும் இடங்களை எல்லாம் உப்பு அரித்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த என் லேப்டாப் ஒன்றுதான் வழி. கம்பெனி வேலைக்கு அது ஆகாது, ஃபைலை இறக்க ஆகும். சிக்னல் கிடைக்கும் கூடத்து ஜன்னலோரம் அதை வைத்து, அங்கிருந்து முன்னறை வரை நீல ஒயரை இழுத்து இரண்டையும் இணைத்தார். மாமியார் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முணுமுணுத்தார். "உங்கப்பன் உப்பு பாத்தி கட்டுன மாதிரி வூடு பூரா ஒயரு கட்டறியே!" அக்கா சிரித்தார். "அப்பா பாத்தியில உப்பு வெளஞ்சுது இல்ல? எனக்கும் வெளையும், பாரு." அவர் வந்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

ஃபைல் ஒயர் வழியாக அவருடைய கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்தது. தொடங்குவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போச்சு. இனிமே அஞ்சு நிமிஷம், யாருமே மெயின் சுவிட்ச்ல கை வெக்காதீங்க. பாதியில கரண்ட் போச்சுன்னா போர்டு காலி." சரிக்கா என்றேன். அந்தச் 'சரி'யை நான் மறுக்கவே முடியாது.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. மாதக்கணக்கில் வெயில் காய்ந்து கிடக்கையில் மின்கம்பத்துப் பீங்கான்களில் உப்பு படிந்துவிடும். பிறகு விழும் முதல் தூறலில் அது நனைந்து, கம்பம் சீறும், நெருப்புப் பொறி பறக்கும். சில வீடுகளில் டி.வி. வெடித்திருக்கிறது. அதனால் முதல் துளி விழுந்ததும் யாரிடமும் கேட்காமல் மெயினை இறக்கிவிடுவோம். கல்யாணமாகி வந்த முதல் வாரமே மாமியார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது.

அறைக்குள்ளிருந்து அக்கா சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். "முப்பது பர்சன்ட்... நாப்பது..." எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜன்னல் கம்பியில் துளி தெறித்தது. வாசல் கம்பம் சர்ரென்று சீறியது. என் மகன் ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ஒரு கையால் அவனைத் தூக்கினேன். இன்னொரு கை மெயினை இறக்கிவிட்டது.

ஃபேன் மெதுவாக நின்றது. அறைக்குள் எண்ணிக்கை நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் டி.வி. பாடிக்கொண்டே இருந்தது. அக்கா வெளியே வந்தார். மெயினைப் பார்த்தார், என் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார். "என்னாச்சுடீ?" என்று மாமியார் அடுப்படியிலிருந்து கேட்டார். "கரண்ட்டு போயிடுச்சும்மா" என்று சொல்லிக்கொண்டே, சத்தம் வராமல் தன் கையாலேயே மெயினை ஏற்றினார்.

கம்ப்யூட்டர் எழவில்லை. புதுச்சேரிக் கடைக்காரர் சிப்பைக் கழற்றிப் புதிதாக எழுத முயன்றார். உப்பு தின்ற போர்டு கையோடு பெயர்ந்து வந்தது. கம்பெனி காத்திருக்கவில்லை. அடுத்த மாதம் அவர் கணவர் ஆட்களோடு வந்தார். "நேரம் சரியில்ல, என்ன பண்றது" என்றார் மாமியார். அக்கா அதே பையோடு கிளம்பினார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வருடங்களாக யோசிக்கிறேன். குழந்தையைத் தூக்கியதே போதாதா? மெயினை ஏன் தொட்டேன்? பழக்கம்தான், பயம்தான் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அக்கா வந்த புதிதில், அந்த முன்னறை எங்களுக்குக் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று ஒருநாள் நினைத்தது நான்தான். இப்போது என் மகன் அங்கேதான் தூங்குகிறான்.

போன வருடம் அக்காவுக்கு வலது காது கேட்காமல் போனது. வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம்.

இன்று மத்தியானம் கொடியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் போன் செய்தார். "இரு, காது மாத்திக்கிறேன்" என்றார் வழக்கம்போல. போன் ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் போகும் அந்த நொடியில், "என்னை மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"ம்... இப்ப சொல்லு. என்ன சொன்ன?"

கன்னத்தில் ஒரு துளி விழுந்தது. வாசல் பக்கம் கம்பம் சீறத் தொடங்கியது. "ஒண்ணுமில்லக்கா. இங்க தூறல் போடுது."

 "அப்ப ஓடு. மெயின எறக்கிடு. கொழந்த இருக்கான் இல்ல" என்றார்.

போனைக் காதில் வைத்தபடியே நின்றிருந்தேன். நீல ஒயரில் என் மகனின் சட்டைகள் நனைந்துகொண்டிருந்தன.