பாதி விறகு

யோவான் இருபத்தாறு வருடம் மஸ்கட்டில் ஓர் ஓட்டலின் நிலவறையில் பாய்லர் பார்த்தவர். மேலே நூற்றுக்கணக்கான அறைகளில் ஆட்கள் குளித்தார்கள். வெந்நீர் வராத அன்றைக்கு மட்டுமே அவர்களுக்கு அவரைப் பற்றி நினைவு வரும். வேலை முடித்துக் குலசேகரத்துக்குத் திரும்பியபோது, வீட்டின் பின்புறம் லீவு நாட்களில் அவர் திரும்பிப் பார்த்திராத, ரப்பர் விறகில் எரியும் ஒரு பாய்லர் நின்றிருந்தது. மனைவி லீலாபாய் பத்து வருடமாக அதில் விறகு வைத்து வெந்நீர் எடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பற்றிப் பேசுவதற்கு ஏதாவது இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது.

வந்த மூன்றாம் நாள் யோவான் பாய்லரைச் சுற்றி நடந்தார். புகைக்குழாயில் கைவைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“ஏட்டி லீலா, இது பாய்லர் இல்ல. ஆகாசத்துக்குச் சூடு ஏத்துத மெசினு.”

“நமக்குக் குளிக்கச் சுடுவெள்ளமும் தருதுல்லா?”

“தருது. எத்தன சதவீதம் தருது?”

சதவீதம் என்ற சொல் அந்தப் புறவாசலில் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒலித்தது. பிறகு ஓயவில்லை.

நியாயமாகச் சொன்னால், தொடக்கத்தில் அவர் செய்ததெல்லாம் நல்ல வேலை. புகைக்குழாயில் விரல் கனத்துக்கு அப்பியிருந்த கரியைச் சுரண்டினார். விறகை மழை படாமல் தகரக் கொட்டகையில் அடுக்கி உலர்த்தினார். தொட்டியைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சும், மாடிக்குப் போகிற குழாய்க்குக் கறுப்பு ரப்பர் உறையும் போட்டார். விறகுச் செலவு குறைந்தது, தண்ணீரும் நன்றாகச் சுட்டது. அத்தோடு நிறுத்தியிருந்தால் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

ஆனால் தினமும் சாயங்காலம் ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசில் விறகை நிறுத்துப் பார்ப்பது அவருக்குப் பழகிவிட்டிருந்தது. எடை குறைந்தால் அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். குறையாவிட்டால் வீட்டில் யாரோ குளித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஆகவே புகைக்குழாய்க்குள் ஒரு தகடு பொருத்திப் பாதி அடைத்தார். மாடிக் குளியலறைக் குழாயின் வாயில் சிறு துளையிட்ட வில்லை ஒன்றை மாட்டினார். தண்ணீர் நூல் போல இறங்கியது. கதவில் நேர அட்டவணை ஒட்டினார். ஆளுக்கு நாலு நிமிடம். அந்த நூல் வழியாக வெந்நீர் மாடிக்கு வந்துசேரவும் சரியாக நாலு நிமிடம் ஆயிற்று.

மகள் ஆன்ஸ்லின் மார்த்தாண்டத்தில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். முதல் நாளே தலையில் சோப்பு நுரையோடு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, இப்பந்தான் சூடு வருது!”

“ஒனக்க நேரம் கழிஞ்சு மக்கா. இனி அம்மைக்க நேரம்.”

ஒரே மாதத்தில் விறகு பாதியாகக் குறைந்தது. யோவானால் நம்பவே முடியவில்லை. மஸ்கட்டில் பெரிய பெரிய இஞ்சினியர்கள் முட்டிமோதியும் ஐந்து சதவீதம் தாண்டியதில்லை. திருச்சபையின் ஆண்கள் ஐக்கிய சங்கத்தில் ‘சிக்கன வெந்நீர்’ என்று முக்கால் மணி நேரம் பேசினார். அடுத்த சனிக்கிழமை காலையில் சங்கத்தார் ஏழெட்டுப் பேர் நேரில் பார்க்க வந்தார்கள். யோவான் இஸ்திரி போட்ட சட்டையில் நின்று, விறகடுக்கைக் காட்டி, “இது எங்களுக்கு ரெண்டு மாசத்துக்குப் போதும்” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது காஸ் வண்டி வந்தது.

சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்கியவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “அக்கா, முந்தி ரெண்டு மாசம் ஓடுத சிலிண்டரு, இப்பம் ஒரே மாசத்துல தீந்துட்டே. கேட்டரிங் வல்லதும் தொடங்கிட்டியளா?”

அந்நேரம் பார்த்து லீலாபாய் அடுக்களையிலிருந்து ஓர் அலுமினியப் பானையைத் துணிபிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆவி பறந்தது. பின்னால் ஆன்ஸ்லின் தோளில் துண்டோடு நின்றாள்.

சங்கத்தார் பானையைப் பார்த்தார்கள், பிறகு பாய்லரைப் பார்த்தார்கள். செயலாளர் தொண்டையைச் செருமி, “நல்ல பாய்லர், புகையே இல்ல” என்றார். பாய்லர் அன்று எரியவே இல்லை.

எல்லாரும் போனபிறகு யோவான் அடுக்களைக்கு வந்தார்.

“எத்தன நாளாட்டு இது?”

“நீங்க வில்லை மாட்டுன ரெண்டாவது வாரம் தொட்டு” என்றாள் லீலாபாய்.

“எனக்கிட்ட ஒரு வாக்குச் சொல்லப்பிடாதா?”

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “நீங்க விறவு நிறுத்துட்டு ஒவ்வொரு நாளும் சிரிச்சிட்டு வருவிய. லீவுக்கு வந்தா பதினஞ்சாம் நாளே பெட்டி கெட்டுத ஆளு. இந்த வீட்டுல நீங்க அப்பிடிச் சிரிச்சு நான் கண்டதில்ல. ஒரு சிலிண்டரு போனா போட்டும்னு இருந்தேன்.”

யோவான் வெளியே போய் ஸ்குரூடிரைவரை எடுத்தார். குழாய் வாயிலிருந்த வில்லையைக் கழற்றினார், புகைக்குழாய்த் தகட்டை உருவினார், கதவிலிருந்த அட்டவணையைக் கிழித்தார். மாடிக்கு வெந்நீர் சீக்கிரம் வர வழி கேட்டு, திங்கட்கிழமை பிளம்பர் ஷாஜனைக் கூப்பிட்டார். ஷாஜன் வந்து வாய்க்குள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பார்த்தார்.

“பாய்லரு கீழ. குளிக்கது மாடியில. பாய்லருக்க செவருக்கு அந்தப் பக்கம் ஒரு குளிமுறி சும்மா கெடக்குல்லா? பழைய சாக்கு போட்டிருக்கிய. அதுல ஒரு குழாய் தந்தா போதுமே.”

மூன்றடிக் குழாய், ஒரு மணி நேர வேலை. திறந்ததும் வெந்நீர் கொட்டியது. கரி சுரண்டியதும் பஞ்சு சுற்றியதும் அப்படியே இருந்ததால், விறகும் பழைய அளவில் கால்பங்கு குறைந்தே எரிந்தது. கால்பங்கு மோசமில்லை என்று யோவான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கதை அங்கே முடியவில்லை. சொற்பொழிவைக் கேட்ட மூன்று வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே புகைக்குழாயில் தகடு வைத்து, குழாய் வாயில் வில்லை மாட்டியிருந்தார்கள். யோவான் ஸ்குரூடிரைவரோடு ஸ்கூட்டரில் கிளம்பினார். இரண்டு வீட்டில் பெண்கள் அவருக்குக் காப்பி தந்து, காரியம் முடிகிற வரை கூடவே நின்றார்கள். மூன்றாவது வீடு சங்கச் செயலாளருடையது. அவர் பாய்லருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து மறித்து நின்றார்.

“கழத்தப்பிடாது ஓய்! நமக்கு விறவு முக்காலும் மிச்சம். ஒம்ம விட எனக்குத்தான் கூடுதலு!”

அவருக்குப் பின்னால் அடுக்களை வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள். யோவானைப் பார்த்து, ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல உதட்டில் விரலை வைத்தாள்.

யோவான் ஸ்குரூடிரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “முக்காலா? பெரிய சாதனைதான்” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினார்.