கறுப்பை எடுக்காத மெத்தை

கரகோல் ஊர்ச் சித்திரக்கூடத்தில் பதினேழு வருடமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள் சூரகான். படங்களை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அதற்கு முன் எட்டு வருடம், படுத்த படுக்கையாயிருந்த மாமியாரை வேளைக்கு வேளை புரட்டிப் படுக்கவைத்தாள். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. இடையில் கிடைத்த நேரத்தில்தான் வெட்டுத்துணிகளை இணைத்து மெத்தை தைக்கப் பழகினாள்.

அவள் நாற்காலிக்கு எதிரே ஒரு படம்: ஒரு வண்டி ஆப்பிள், மேலே கரிய மேகம். ஆப்பிள் ஏன் இப்படித் தணலாய் எரிகிறது என்று பல மாதம் யோசித்தாள். ஒருநாள் ஒற்றைக் கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி மேகத்தை மறைத்தாள். ஆப்பிள் வெளிறிப்போனது. விரலை எடுத்தாள், மறுபடி எரிந்தது.

தங்கை மகள் பெகாயிமின் கல்யாணச் சீருக்கு மெத்தை தைத்தபோது அவள் ஆப்பிளையும் வைக்கவில்லை, மேகத்தையும் வைக்கவில்லை. சிவப்பு முக்கோணங்களை நெருக்கித் தைத்து, மேல்பாதியில் கறுப்பு வெல்வெட்டை அகலமாக இறக்கினாள்.

சீர் பார்க்க மாப்பிள்ளையின் தாய் கல்பூபு நான்கு பெண்களோடு வந்தாள். அடுக்கியிருந்த மெத்தைகளைத் தடவிக்கொண்டே வந்தவள் இதில் நின்றாள்.

"என்ன சம்பந்தி, கல்யாண வீட்டுக்குத் தைச்சீங்களா, சாவு வீட்டுக்கா?"

"சாவு வீட்டுக்குன்னா இவ்வளவு சிவப்பு எதுக்கு?"

"கறுப்பைப் பிரிச்சுட்டு வேற துணி வையுங்க. அரை நாள் வேலைதானே."

"பிரிச்சா சிவப்பு செத்துப்போகும்."

"துணி சாகுமாமே" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி. மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

பெகாயிம் பெரியம்மாவை அடுப்படிக்கு இழுத்தாள். தொண்ணூறைத் தாண்டி இறந்தவர் வீட்டில் பங்கிடும் துணிக்கு அந்த ஊரில் அடிதடியே நடக்கும். ஆயுசு ஒட்டும் என்று மெத்தையில் வைத்துத் தைப்பார்கள்.

"இந்தக் கறுப்பு, தொண்ணூறு தாண்டிப் போன உங்க மாமியார் சாவுல கொடுத்த துணின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க பெரியம்மா. கண்ணுல ஒத்திக்கிட்டு எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"அந்தம்மாவை எட்டு வருஷம் புரட்டியாச்சு. இப்போ பொய்ச் சாட்சிக்கு வேற புரட்டணுமா? சந்தையில வாங்கின துணிடி அது."

திரும்பி வந்து கல்பூபுவிடமும் அதையே சொன்னாள். "கடைத்துணிதான். நான் தினம் பார்க்கிற படத்துல சிவப்பு எரியறதுக்குக் கறுப்பு வேணும். இதுக்கும் வேணும்னுதான் வச்சேன். கொண்டுபோனா இப்படியே முழுசாக் கொண்டுபோங்க."

மற்ற மெத்தைகள் வண்டி ஏறின. இது தரையில் கிடந்தது.

கல்யாணத்தன்று சூரகான் அதைத் தன் வீட்டுத் தெருப்பக்கக் கொடியில் விரித்துப் போட்டாள். ஊர்வலக் கார்கள் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். தங்கை ஓடிவந்தாள்.

"மானம் போகுதுக்கா, எடு."

"உன் மானத்துக்குக் குளிருதுன்னா வேற மெத்தை தைச்சுத் தரேன்."

முதல் காரில் கல்பூபு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த காரில் பெகாயிம் கண்ணாடியை இறக்கி, வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே போனாள். கடைசிக் காரும் போகும்வரை சூரகான் வாசலில் நின்றாள். பிறகு சில்லிப்பு ஏறும் முன் மெத்தையை உதறி எடுத்துப்போய்த் தன் கட்டிலில் விரித்தாள்.